ரிட்ரீவருக்கு வாத்தியார் தேடுகிறீர்களா? ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள்

மினசோட்டாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"கோவில்பட்டிப் பக்கம் சிப்பிப்பாறை நாய்களோடு வளர்ந்தவன் நான். இப்போது மினியாபொலிஸ் அருகே குடும்பத்தோடு இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் வாத்து வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார். இந்த வருடம் ஒரு கறுப்பு லாப்ரடார் பெட்டைக் குட்டி வாங்கினோம். பெயர் மைனா, ஐந்து மாதம் ஆகிறது. பயிற்சிக்கு இரண்டு பேரை விசாரித்து வைத்திருக்கிறேன். ஒருவர், மூன்றே மாதத்தில் முழு வேட்டை நாயாக்கித் தருகிறேன், கியாரண்டி என்கிறார். கட்டணமும் குறைவு, இடமும் உடனே இருக்கிறது. இன்னொருவர் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார். நவம்பரில்தான் இடம் காலியாகுமாம், அதற்கு முன்னால் நாயையும் எங்களையும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். நண்பர் 'நீயே பழக்கு, காசைக் கரியாக்காதே' என்கிறார். அப்பா போனில் 'வேட்டை நாய்க்கு எதுக்குடா வாத்தியார், அது ரத்தத்துலயே இருக்கும்' என்கிறார். மனைவிக்கு ஷாக் காலர் (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) என்றாலே பயம். இன்னொன்று, ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கையின்போது மைனா கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவள், மறுநாள் வரை சரியாகச் சாப்பிடவில்லை. சுடும் ரேஞ்சுக்கு இரண்டு தடவை கூட்டிப்போனால் பழகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பயிற்சியாளர்கள் வாங்கிய ரிப்பன், கோப்பைக்கெல்லாம் மதிப்பு உண்டா என்றும் தெரியவில்லை. செப்டம்பர் கடைசியில் சீசன் தொடங்குகிறது. யாரிடம் விடட்டும், அண்ணா?"

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மைனாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். காருக்குள் உட்கார வைத்துத் தூரத்திலிருந்து கேட்கவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்குகிற கதைதான் அது, எப்படியோ கரையேறிவிடும் பிள்ளையும் உண்டு, அதற்குப் பிறகு காலம் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போகாத பிள்ளையும் உண்டு. வேட்டுச் சத்தத்துக்கு மிரளும் நாய்களில் பெரும்பாலானவை மனிதர்கள் அவசரப்பட்டுக் கெடுத்தவை. கெட்ட பிறகு சரிசெய்வது மாதக் கணக்கில் இழுக்கும் வேலை, சில நாய்கள் சரியாவதே இல்லை.

முறையாகச் செய்தால் அது இப்படி நடக்கும். குட்டிக்கு முதலில் பறவை மேலும் பம்பர் மேலும் (எறிந்து எடுத்துவரப் பழக்கும் உருளையைத்தான் சொல்கிறேன்) பைத்தியம் பிடிக்க வேண்டும். அது வந்த பிறகு ஓர் உதவியாள் நூறு கஜம் தள்ளி நின்று பறவையை எறிவார், குட்டி அதன்மேல் கண்ணை வைத்துத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே சின்ன பிளாங்க் பிஸ்டலில் (குண்டில்லாமல் சத்தம் மட்டும் வருவது) ஒரே ஒரு சத்தம். ஓட்டம் தளரவில்லை, காது பின்னால் போகவில்லை, வால் இறங்கவில்லை என்றால் சில நாள் கழித்துக் கொஞ்சம் கிட்டே. பிறகு இன்னும் கிட்டே. ஷாட்கன் கடைசியில்தான் வரும். சத்தம் கேட்டால் பறவை விழும் என்று நாயின் மனதில் பதிந்துவிட வேண்டும், அதன் பிறகு சத்தத்துக்காகவே அது காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே ஜூலை 4 விஷயத்தை இரண்டு பயிற்சியாளர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். "அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று கையை உதறுகிறவர் வேண்டாம். இடி இடித்தால் என்ன செய்கிறாள், சமையலறையில் பாத்திரம் விழுந்தால் ஓடுகிறாளா, எவ்வளவு நேரத்தில் வெளியே வந்தாள் என்று உங்களையே திருப்பிக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர்.

அடுத்து அப்பா சொன்னது. பாதி சரி. சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் கண்ணால் கண்டதை விரட்டிப் பிடிக்கும் ஜாதி. முயல் எழுந்ததும் அவிழ்த்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊரில் அந்த வேட்டைக்கே இடமில்லை, அது வேறு விஷயம்.) ரிட்ரீவருக்கும் (சுட்ட பறவையை எடுத்துவரும் ஜாதி, உங்கள் லாப்ரடாரும் அதில்தான்) ஓட்டம், மோப்பம், தண்ணீர் ஆசை, வாயில் கவ்விக்கொண்டு வரும் ஆசை எல்லாம் ரத்தத்தில் வருகிறது. ஆனால் நீங்கள் அவளிடம் கேட்கப்போகும் வேலையில் பெரும்பகுதி அந்த ரத்தத்துக்கு எதிரானது. விடியற்காலை இருட்டில் மறைவிடத்தில் அசையாமல், முனகாமல் உட்கார வேண்டும். வாத்துக் கூட்டம் வட்டமடித்து இறங்கும், மூன்று பேர் எழுந்து சுடுவார்கள், கண்ணெதிரே தண்ணீரில் தொப்பென்று விழும், அப்போதும் அவள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். சொன்னால்தான் கிளம்பலாம். இது வெறும் ஒழுங்குக்காக இல்லை தம்பி. சுடும் நேரத்தில் குழலுக்கு முன்னால் பாய்கிற நாய் செத்துப்போகும், படகில் அப்படிப் பாய்ந்தால் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கிறவரையும் தள்ளிவிடும். அப்புறம், அவள் விழுந்ததையே பார்க்காத பறவை இருக்கிறது. அதை எடுக்க, உங்கள் கை காட்டும் திசையில் நேராகப் போக வேண்டும், விசில் கேட்டால் தண்ணீரிலேயே திரும்பி உங்களைப் பார்க்க வேண்டும், நீங்கள் காட்டும் பக்கம் மறுபடி போக வேண்டும். இதெல்லாம் எந்த ரத்தத்திலும் வருவதில்லை.

பழகிய நாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அடிபட்ட வாத்து முங்கிவிடும், இல்லை சம்புக் கோரைக்குள் நுழைந்துவிடும், மனிதர்கள் அரை மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் துழாவிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பறவை உள்ளே கிடந்து சாகும். வாத்து வேட்டைக்காக வருடா வருடம் நீங்கள் 25 டாலர் கொடுத்து வாங்கும் அரசாங்க டக் ஸ்டாம்ப் இருக்கிறதே, 1959-இல் வந்த ஸ்டாம்ப்பில் வாயில் மல்லார்ட் வாத்தைக் கவ்வியபடி இருப்பது கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார், 1952, 1953 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். ரிட்ரீவர் இருந்தால் பறவை வீணாகாது என்று வேட்டைக்காரர்களுக்குச் சொல்வதற்காகவே அந்த வருடம் நாயைப் போட்டார்கள். உயிரை எடுக்கிறோம் என்றால் அதை வீணாக்கக் கூடாது. பயிற்சிக்குச் செலவழிக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, யாரிடம் விடுவது?

மூன்று மாதக் கியாரண்டிக்காரரை நான் விட்டுவிடுவேன். அவர் மைனாவை இன்னும் பார்க்கவே இல்லை, எதை வைத்துக் கியாரண்டி தருகிறார்? மூன்று நான்கு மாதத்தில் நடக்கக்கூடியது என்ன என்றால், உட்கார், வா, கூடவே நட என்ற கீழ்ப்படிதல், வாயில் வாங்கிப் பிடித்துக்கொண்டு கையில் கொடுப்பது, ஒற்றைப் பறவைகளைப் பார்த்து எடுத்துவருவது, துப்பாக்கிச் சத்தம் அறிமுகம், இவ்வளவுதான். இதையே நன்றாகச் செய்துகொடுத்தால் பெரிய விஷயம். இரண்டு பறவை விழுந்த இடத்தை நினைவில் வைப்பது, பார்க்காத பறவைக்குக் கை சைகையில் போவது எல்லாம் அதற்கு மேல் மாதக் கணக்கில் போகும். அவசரமாக முடித்துத் தருகிறவர் நடுவில் எதையாவது தாண்டித்தான் போக வேண்டும், தாண்டியது எது என்று உங்களுக்கு அக்டோபர் மாத ஏரிக்கரையில்தான் தெரியும். நல்ல பயிற்சியாளர் பேசுவது வேறு மாதிரி இருக்கும். ஒரு மாதம் விடுங்கள், பார்த்துவிட்டு இவளுக்கு இது வருமா வராதா என்று சொல்கிறேன் என்பார். "இது வேண்டாம், வீட்டு நாயாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாக எந்த நாயைத் திருப்பி அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். அப்படி ஒரு நாயே இல்லை என்றால் யோசிக்க வேண்டும். இருந்தால், அந்த நாயின் சொந்தக்காரரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பாராட்டுகிறவர்களின் நம்பரை எல்லோரும் கொடுப்பார்கள், திருப்பி அனுப்பப்பட்டவர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் என்று போர்டு மாட்டிக்கொள்ள எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. அதனால் பரிசோதிக்கும் வேலை உங்கள் தலையில்தான். அதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று. அவர் வேலை செய்யும் ஒரு நாள் காலையில் போய் வயலோரம் நின்று பாருங்கள். வாரக் கடைசியில் விருந்தாளிகளுக்காக நடத்திக் காட்டுவதை அல்ல, செவ்வாயோ புதனோ நடக்கும் சாதாரண வேலையை. பார்க்க வரக்கூடாது என்று சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

போனதும் மனிதரைப் பார்க்காதீர்கள், நாய்களைப் பாருங்கள். டிரக்கில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொரு நாயாக இறக்குவார்கள். கதவு திறந்ததும் நாய் எப்படி வருகிறது? குதித்து இறங்கி, உடம்பு முழுக்க ஆட, அவரைப் பார்த்தபடி வருகிறதா, இல்லை பெட்டிக்குள்ளேயே பின்வாங்கி நிற்கிறதா? பறவை விழுவதைப் பார்க்க நாயை உட்காரவைக்கும் இடத்துக்கு நடந்து போகும்போது வால் எங்கே இருக்கிறது? ஒரு நாய் வாலை இறக்கி நடந்தால் அதற்கு அன்றைக்கு ஏதோ சரியில்லை என்று விடலாம். ஐந்தாறு நாய்கள் அப்படி நடந்தால் சரியில்லாதது நாயிடம் இல்லை.

அப்புறம், ஏதாவது ஒரு நாய் தப்புச் செய்யும் வரை காத்திருங்கள். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது. சொல்கிறேன், கேளுங்கள். இளம் நாய் ஒன்றைக் குளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்த பறவைக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். பாதித் தண்ணீரில் அது பயந்தோ குழம்பியோ கரையேறி, கரையோரமாக ஓடுகிறது. ஒரு வகை ஆள் இருக்கிறார், விசில், கத்தல், காலரில் ஒரு அழுத்து, மறுபடி கத்தல், நாய் காதை மடக்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும், அவர் இன்னும் அழுத்துவார். இன்னொரு வகை ஆள் நாயைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வார். குளம் குறுகலாக இருக்கும் இடத்துக்கு நடத்திப் போவார். எறிகிறவரை "ஹே ஹே" என்று சத்தம் கொடுத்து மறுபடி எறியச் சொல்வார். இந்தத் தடவை நாய் நேராகப் போய் எடுத்து வரும், கழுத்தைத் தட்டிக்கொடுத்துப் பெட்டிக்கு அனுப்பிவிடுவார், அன்றைக்கு அதற்கு அவ்வளவுதான். அடுத்த வாரம் ஐந்து கஜம் அகலமான இடம். நாய் ஏன் தப்புச் செய்தது என்று இந்த இரண்டாவது ஆள் யோசித்திருக்கிறார். அவரிடம் உங்கள் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.

கண்டிக்கவே மாட்டாரா என்றால், கண்டிப்பார். தெரிந்த பாடத்தை வேண்டுமென்றே மீறினால் கண்டிப்பு உண்டு. கண்டித்து ஒரு நிமிடத்தில் வால் மறுபடி மேலே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். இங்கே பெரும்பாலான ரிட்ரீவர் பயிற்சியாளர்கள் இ-காலர் (அதே ஷாக் காலர்தான்) வைத்திருப்பார்கள், நானும் வைத்திருக்கிறேன். நாய் நூறு தடவை கயிற்றில் கற்று, செய்து காட்டி, நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தூரத்தில் நினைவூட்டுவதற்குத்தான் அது. புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதற்கு அதை எடுக்கிறவர் வேலை தெரியாதவர். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் அதற்குத் தடையே இருக்கிறது, பிரிட்டிஷ் முறையில் காலரே இல்லாமல் பழக்கும் ஆட்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஆக, காலர் வேண்டவே வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால் அதற்கும் ஆள் உண்டு, நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஆனால் அதைக் காசு கட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். காலர் பரவாயில்லை என்றால், அவர் வழக்கமாக அதிர்ச்சி அளவின் எந்த எண்ணில் வேலை செய்கிறாரோ அந்த எண்ணில் உங்கள் கையில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். தயங்காமல் தன் கையில் முதலில் வைத்துக் காட்டுகிறவரை எனக்குப் பிடிக்கும்.

காலரைவிட நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஃபோர்ஸ் ஃபெட்ச் பற்றியது. இதைப் பலரும் கேட்பதே இல்லை. எடு என்றால் எடுத்தே ஆக வேண்டும், கையில் கொடுக்கும் வரை கீழே போடக்கூடாது என்பதை, காது நுனியையோ கால் விரலையோ நெருக்கி, பம்பரை வாயில் வாங்கியதும் உடனே விட்டுவிட்டுக் கற்பிக்கும் முறை. நான்கைந்து வாரம் தினமும் நடக்கும். பல் முழுக்க முளைத்த பிறகுதான் தொடங்க வேண்டும், மைனாவுக்கு இப்போது பால்பல் விழுந்துகொண்டிருக்கும் வயது, ஈறு வலிக்கும் நேரத்தில் இதைச் செய்தால் வாயில் எதையும் வாங்குவதையே வெறுத்துவிடும். முதலில் எந்த நெருக்கடியும் இல்லாமல் 'பிடித்துக்கொள்' என்பதைச் சொல்லிக்கொடுத்து, அது ஊறிய பிறகு பொறுமையாக இதற்கு வருகிறவர்கள் கையில் நாய் தன்னம்பிக்கையோடு வெளியே வரும். அவசரக்காரர் கையில் நொறுங்கிப்போகும். உங்கள் கியாரண்டிக்காரர் ஐந்து மாதக் குட்டியை உடனே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதில் எனக்கு உறுத்துவது இதுதான். இன்னொருவர் நவம்பர் என்று சொன்னது உங்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது, மைனாவின் வாய்க்கு அதுதான் சரியான நேரம்.

ரிப்பன், கோப்பை பற்றி எழுதியிருந்தீர்கள். மதிப்பு உண்டு, ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதோடு பொருத்திப் பாருங்கள். ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) நடத்தும் ஹன்ட் டெஸ்டில், அதாவது வேட்டைத் திறன் தேர்வில், ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று நிலை. ஜூனியரில் தரையில் இரண்டு, தண்ணீரில் இரண்டு ஒற்றைப் பறவைகள், நூறு கஜத்துக்குள். எச்ஆர்சி (ஹன்டிங் ரிட்ரீவர் கிளப்) டெஸ்டில் ஸ்டார்ட்டட், சீசன்ட், ஃபினிஷ்ட், அதில் மேல் நிலைகளில் நாயை நடத்துகிறவரே கையில் துப்பாக்கி பிடிக்க வேண்டும், உண்மையான வேட்டைக்கு அது இன்னும் கிட்டே. ஃபீல்டு ட்ரயல் என்பது இவை இரண்டும் இல்லை, நாய்க்கு நாய் போட்டி, முந்நூறு கஜத்துக்கு மேல் தூரங்கள், அதற்கென்றே வாழும் ஆட்கள். ட்ரயல் கோப்பைகள் சுவர் நிறைய வைத்திருக்கும் ஒருவருக்கு, சீசனுக்குப் பத்து வார இறுதி வாத்து வேட்டைக்குப் போகும் உங்கள் மைனா மேல் எவ்வளவு அக்கறை இருக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குச் சீசன்ட் அளவு போதும், தாராளமாகப் போதும். அதைவிட முக்கியம், அவரே வாத்து வேட்டைக்குப் போகிறவரா என்பது. நாயைப் படகில் உட்காரவைத்துப் பழக்குகிறாரா, மிதக்கும் பொய் வாத்துகளுக்கு நடுவில் நீந்தவிடுகிறாரா, வாத்துகளைக் கூப்பிடும் ஊதியை ஊதும்போதும் பலர் ஒரே நேரத்தில் சுடும்போதும் அமைதியாக இருக்கப் பழக்குகிறாரா?

கோப்பைகளைப் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்கலாம். அந்த நாய்களில் எத்தனையை அவற்றின் சொந்தக்காரர்களே களத்தில் நடத்தினார்கள்? பயிற்சியாளரிடம் மட்டும் பிரமாதமாக வேலை செய்து, வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரரைக் கண்டுகொள்ளாத நாய்கள் நிறைய. நாய் உடனே கண்டுபிடித்துவிடும், இவருக்கு விசில் ஊதத் தெரியாது, சொன்னதைச் செய்யவைக்கத் தெரியாது என்று. எனவே மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது நீங்கள் போய், அவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, நீங்களே மைனாவை நடத்த வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குவாரா, தனிக் காசா? இரண்டாமவர் "உங்களையும் பார்க்க வேண்டும்" என்று சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகவே என் ஓட்டு அவருக்கு. நாயைப் போலவே உங்களையும் பழக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். மொத்தம் எத்தனை நாய், எத்தனை கைகள், மைனாவைத் தினமும் தொடுவது யார்? இளம் நாய்களை உதவியாளர் பார்ப்பது சகஜம், தப்பில்லை, ஆனால் அவரையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாய்க் கொட்டிலில் மூக்கை நம்புங்கள், ராத்திரி மலம் காலை பத்து மணிக்கும் கிடந்தால் திரும்பிவிடலாம். டிரக் பெட்டிக்குக் காற்றோட்டம் எப்படி என்று கேளுங்கள், ஜூலை வெயிலில் பெட்டியில் வெந்து செத்த நாய்கள் உண்டு. தீனி யார் வாங்குவது, பறவைக்கும் டெஸ்டுக்கும் தனிக் கட்டணமா, மைனா பருவத்துக்கு வந்தால் என்ன செய்வார் (அந்த நேரத்தில் டெஸ்டில் ஓடவிட மாட்டார்கள்), நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் உங்களைக் கேட்காமல் டாக்டரிடம் எவ்வளவு வரை செலவு செய்யலாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மினசோட்டாவில் தண்ணீர் உறைந்துவிடுவதால் பயிற்சியாளர்கள் பலர் குளிர்காலத்தில் நாய்களை ஏற்றிக்கொண்டு டெக்சாஸ், ஜார்ஜியா என்று தெற்கே வந்துவிடுவார்கள், டெக்சாஸில் எங்கள் பக்கம் ஜனவரியில் வடக்கு நம்பர் பிளேட்டு டிரக்குகளாகவே இருக்கும். நவம்பரில் விடுகிறீர்கள் என்றால் இரண்டாம் மாதமே மைனா ஆயிரம் மைல் தள்ளிப் போகலாம். உங்களால் பார்க்கப் போக முடியுமா, குழந்தைகள் தாங்குவார்களா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தெற்கே கொசு அதிகம், இதயப்புழு மாத்திரை ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது.

இன்னொரு பரிசோதனை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். லாப்ரடார்களில் இஐசி என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாய், கடும் வேலையில் பத்து நிமிடம் போனதும் பின்னங்கால் தள்ளாடி விழுந்துவிடும், சில சமயம் உயிரே போகும். அதற்குக் காரணமான மரபணுவை 2008-இல் கண்டறிந்து வெளியிட்டதே உங்கள் ஊர் மினசோட்டா பல்கலைக்கழகம்தான். கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்து அனுப்பினால் போதும். மைனாவின் தாய் தந்தை இருவரும் 'கிளியர்' (அந்தக் கோளாறு மரபணு இல்லாதவை) என்று விற்றவரிடம் சான்று இருந்தால் சோதிக்கவே தேவையில்லை. இல்லாவிட்டால் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள், ஏனென்றால் அந்தக் கோளாறு இருக்கும் நாயைச் சோம்பேறி என்று நினைத்துத் துரத்துகிற ஆள் கையில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய உடன்படிக்கையைத் தேடி எடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதும் முட்டாள்தனம் இல்லை. தினமும் காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம், விடாமல் ஒதுக்க முடிகிற ஒருவர் ஜூனியர் அளவுக்குத் தானே பழக்கிவிடலாம். உங்கள் மாநிலத்தில் ரிட்ரீவர் கிளப்புகள் நிறைய, கோடையில் வாரம் ஒரு நாள் கூடிப் பயிற்சி செய்வார்கள், பறவை எறிய ஆள் கிடைக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு ஆசையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் ஃபோர்ஸ் ஃபெட்சும் துப்பாக்கி அறிமுகமும், அதுவும் ஒரு தடவை மிரண்ட குட்டிக்கு, முதல் நாய் வைத்திருப்பவர் தனியாகச் செய்யக்கூடியவை இல்லை. அந்த இரண்டுக்காக மட்டும் மூன்று நான்கு மாதம் பயிற்சியாளரிடம் விட்டு, மிச்சத்தைக் கிளப்பில் சேர்ந்து நீங்களே செய்யுங்கள். பணமும் பாதியாகும், மைனாவும் உங்கள் நாயாக இருப்பாள்.

நவம்பர் வரை சும்மா இருக்க வேண்டாம். ஆழமில்லாத, வெதுவெதுப்பான தண்ணீரில் நீங்களும் கூட இறங்கி விளையாடுங்கள். ஆகஸ்டில் ஏரி பச்சைப் பெயின்ட் கொட்டினது மாதிரி இருந்தால் பக்கத்திலேயே விடாதீர்கள், அந்தப் பாசி நாயைக் கொல்லும். பம்பரை நாளைக்கு நான்கைந்து தடவை மட்டும் எறியுங்கள், அவள் இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். எடுத்து வந்ததும் வாயிலிருந்து பிடுங்காதீர்கள், கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டும், தடவிக்கொடுங்கள். குழந்தைகளிடம் கயிறு இழுக்கும் விளையாட்டு வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வீட்டில் 'வா', 'உட்கார்' என்று தமிழில்தான் பேசுவீர்கள், தாராளமாகப் பேசுங்கள், அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள், விசில் எல்லோருக்கும் ஒன்றுதான், ஒரு நீண்ட ஊதல் உட்கார், விட்டு விட்டு ஊதினால் வா. ஆனால் பெயரில் கவனம். இங்கே பறவையை எடுக்கக் கிளம்பு என்பதற்கு நாயின் பெயரைத்தான் உத்தரவாகச் சொல்வார்கள். வீட்டில் நாலு பேரும் நாள் முழுக்கக் காரணமில்லாமல் 'மைனா, மைனா' என்று கூப்பிட்டால் அந்தப் பெயருக்கு வேகம் போய்விடும். கூப்பிட்டால் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், சோறோ, விளையாட்டோ, நடையோ.

இந்த செப்டம்பரில் அவளை வேட்டைக்குக் கூட்டிப்போக வேண்டாம். ஆசை புரிகிறது. ஆறரை மாதக் குட்டி, பல துப்பாக்கிகள், ஏற்கெனவே மிரண்ட காது, சேரவே சேராது. அடுத்த செப்டம்பரில் அவளுக்கு ஒன்றரை வயது, உடம்பும் மனசும் தயாராக இருக்கும், அப்போதும் முதல் இரண்டு தடவை நீங்கள் சுடாமல் நண்பர் மட்டும் சுடட்டும், நீங்கள் மைனாவைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

இரண்டாமவருக்கு இந்த வாரமே போன் செய்து, வார நாளில் ஒரு காலை வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மனைவியையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். காலர் பற்றி அவரே கேட்கட்டும், நீங்கள் நடுவில் பேச வேண்டாம். வந்து பார்க்கச் சம்மதித்து, மேலே சொன்ன மாதிரி ஆளாகவும் இருந்தால், முன்பணம் கட்டி நவம்பர் இடத்தைப் பிடித்துவிடுங்கள். இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வயலோரம் நின்று என்ன பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், அதை வைத்து அடுத்து எங்கே தேடலாம் என்று சொல்கிறேன். நான் இருப்பது டெக்சாஸில், உங்கள் நாயை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, அதனால் தயங்காமல் கேட்கலாம்.